வேரில் விழும் முடிச்சு



புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் காய்கறியும் பூவும் பயிராகும் தோட்டங்கள் பல உண்டு. அத்தகைய செம்மண் தோட்டம் ஒன்றில் நண்பகல் வேளையில் நாம் நுழைவதாக வைத்துக்கொள்வோம். காலையில் பாய்ச்சிய நீரின் ஈரம் பாத்தியில் இன்னும் காயவில்லை. ஆயினும் கத்தரிச் செடிகளுள் ஒரு திட்டு மட்டும் தலை சாய்ந்து நிற்கிறது. மாலையில் அவை நிமிர்கின்றன. மறுநாள் நண்பகலில் மீண்டும் துவள்கின்றன. நாளடைவில் இலை வெளிறுகிறது, வளர்ச்சி குன்றுகிறது, காய் சிறுத்துப் போகிறது. தண்ணீர் போதவில்லை போலும் என்று உழவர் மேலும் நீர் பாய்ச்சுகிறார். பின்னர், உரம் போதவில்லை போலும் என்று உரமும் இடுகிறார். செலவு ஏறுகிறதேயன்றிச் செடி தேறவில்லை. இதற்குக் காரணம் யாது?

காரணத்தை இலையில் தேடிப் பயனில்லை. வாடிய செடியொன்றைச் சுற்றி மண்ணைத் தோண்டி, வேர் அறாமல் எடுத்து, நீரில் அலசிப் பார்க்க வேண்டும். நூல்போல் ஓட வேண்டிய வேர், மணி கோத்தாற்போல ஆங்காங்கே வீங்கித் திரண்டிருக்கும். அவ்வீக்கத்தினுள் குடியிருக்கும் சிற்றுயிரே வேர்முடிச்சு நூற்புழு. அறிவியலார் இதனை மெலாய்டோகைனி என்னும் பேரினத்துள் அடக்குவர்.

1855ஆம் ஆண்டில் பெர்க்லி என்பார், இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் இம்முடிச்சுகளைக் கண்டு எழுதினார். இந்தியாவில் இப்புழுவைப் பற்றிய முதற்பதிவு நம் மாநிலத்துக்கே உரியது. 1901ஆம் ஆண்டில் பார்பர் என்னும் தாவரவியல் அறிஞர், நீலகிரியைச் சார்ந்த தேவாலாவில் தேயிலை வேரில் இதனைக் கண்டறிந்தார். கத்தரி, தக்காளி, வெண்டை, பாகல், வாழை, கனகாம்பரம், உளுந்து, பாசிப்பயறு என இதற்கு இரையாகும் பயிர்களின் பட்டியல் மிக நீண்டது. களைச்செடிகளும் இதற்கு உணவாகும்.

இப்புழுவின் வாழ்க்கையைச் சற்றே காண்போம். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளமே உடையது, வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. மண் துகள்களிடையே உள்ள ஈரப்படலத்தில் நெளிந்து சென்று, வேர்நுனியருகே உட்புகும். நீரும் உணவும் செல்லும் குழாய்களின் அருகில் நிலைகொண்டு, வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பினால் தன் சுரப்பைச் செலுத்தும். அதனால் அங்குள்ள உயிரணுக்கள் சில, பல உட்கருக்கள் கொண்டு பேருருவம் அடைகின்றன. செடி தன் உணவை அவற்றில் கொண்டுவந்து சேர்க்கிறது; புழு அதனை இருந்த இடத்திலேயே உறிஞ்சுகிறது. சுற்றியுள்ள திசு வீங்கி முடிச்சாகிறது. குழாய்கள் நெளிந்து சிதைகின்றன. மண்ணில் நீர் இருந்தும் இலைக்குப் போதிய அளவு எட்டாத காரணம் இதுவே. புண்பட்ட வேரின் வழியே வாடல் நோய்க் கிருமிகளும் எளிதில் புகுந்துவிடுகின்றன.

வளர்ந்த பெண்புழு பேரிக்காய் வடிவம் கொள்கிறது. முக்கிய இனங்கள் சில, ஆணின் துணையின்றியே இனம் பெருக்குபவை. ஒரு கூழ்ப்பையில் சில நூறு முட்டைகள் இடப்படுகின்றன. வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறை முடிய 25 முதல் 30 நாட்களே ஆகும். முட்டைகளுள் பத்து மட்டுமே பிழைத்துப் பெண்புழுக்களாகின்றன என்று ஒரு கணக்குக்காகக் கொள்வோம். நான்கு தலைமுறைகளில் ஒன்று பதினாயிரமாகும்! நான்கு திங்கள் நிற்கும் பயிரில் இதற்குக் காலம் உண்டன்றோ?

இங்கே மாணவர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆலங்குடியை அடுத்த வம்பனில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.  பயறுச்செடியின் வேரிலும் உருண்டைகள் உண்டு. அவை ரைசோபியம் என்னும் பாக்டீரியா வாழும் வேர்முண்டுகள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருபவை. அவற்றையும் நாம் முடிச்சு என்றே வழங்குவதால் நண்பனைப் பகைவனென்றும், பகைவனை நண்பனென்றும் மயங்க இடமுண்டு. நன்மை செய்யும் முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும்; விரலால் தேய்த்தால் உதிரும்; நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தோன்றும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது. வேரைச் சிதைக்காமல் அதனைப் பிரிக்க இயலாது. ஒரே வேரில் இரண்டும் இருத்தலும் கூடும்.

இனி, தடுக்கும் வழி யாது? நிலத்தில் ஒருமுறை வேரூன்றிய இப்புழுவை அடியோடு ஒழித்தல் அரிது. பயிருக்குக் கேடு விளையாத அளவில் அடக்கி வைத்தலே நம்மால் ஆவது. முதற்காவல் நாற்றங்காலில் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டில், திண்டுக்கல் மாவட்டத்து ஆயக்குடியில் கொய்யா மரங்களில் மெலாய்டோகைனி என்டரோலோபி என்னும் கொடிய இனம் இருப்பது வெளியிடப்பட்டது. இவ்வினம் கன்றுகளின் வேரோடும் மண்ணோடும் ஊர்விட்டு ஊர் செல்ல வல்லது. ஆதலின், நாற்றோ கன்றோ வாங்குமுன் வேரைப் பார்த்தல் இன்றியமையாதது.

இரண்டாவது துணை நம் ஊர்க் கதிரவன். சித்திரை, வைகாசி வெயிலில் நிலத்தை இரண்டு மூன்று முறை உழுது புரட்டினால், வெப்பத்திலும் வறட்சியிலும் புழுக்கள் மடியும். நாற்றங்காலை நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் விரிப்பால் மூடி, மூன்று முதல் ஆறு வாரம் விட்டுவைப்பதும் நற்பயன் தரும்.

மூன்றாவது பயிர்ச் சுழற்சி. கத்தரிக்குப்பின் தக்காளி, தக்காளிக்குப்பின் வெண்டை என்று மாற்றுவது சுழற்சி ஆகாது. அது புழுவுக்கு விருந்தை நீட்டிப்பதே. செண்டுமல்லி, சணப்பை போன்றவற்றை இடையில் பயிரிட வேண்டும். நீர் வசதியுள்ள இடத்தில் நீர் தேங்கிய நெல்வயலும் புழுவைக் குறைக்கும். வேப்பம் பிண்ணாக்கு எக்டேருக்கு 250 கிலோ இடுவது வழக்கமான பரிந்துரை. முட்டைகளை அழிக்கும் பர்பூரியோசில்லியம் லிலாசினம் என்னும் பூசணமும், சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் இன்று உழவருக்குக் கிடைக்கின்றன.

எதிர்ப்புத் திறனுள்ள விதை ஒன்றே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 1940களில் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து ‘மி’ என்னும் மரபணுவைப் பயிர்த் தக்காளிக்குக் கொணர்ந்தனர். ஆனால் மண்ணின் வெப்பம் 28 பாகை செல்சியசைக் கடந்தால் அதன் காவல் தளர்கிறது. நம் கோடைக்கு அது முற்றிலும் துணையாகாது. நச்சு மருந்தை மட்டும் நம்புவதும் அறிவுடைமையன்று. 1950களில் பெயர்பெற்ற டிபிசிபி என்னும் நூற்புழுக்கொல்லி, அதனைத் தயாரித்த தொழிலாளரை மலடாக்கியது 1977இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் 1979இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன.

எனவே, ஒரு வழி மட்டும் போதாது. பல வழிகளும் ஒன்றுகூட வேண்டும். அவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டுவது, நோயை நோயென்று அறிதல். அறுவடை முடிந்ததும் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு இருப்பின், அத்தூர்களை நிலத்திலேயே விட்டுவிடாது, வேரோடு அகற்றி உலர்த்தி எரிக்கச் சொல்லுங்கள். ஐயமிருப்பின் வம்பனில் காட்டிக் கேளுங்கள். அடுத்த பருவத்தில் வீணாகும் நீரையும் உரத்தையும் உங்கள் தந்தையார்க்கு மிச்சப்படுத்திய பெருமை உங்களைச் சேரும்.