"டீச்சர், இன்னிக்கு என்ன படிச்சான்?" – தாஸ்காவில் விளையாட்டே பாடம்

மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்லத் தாஸ்காவுக்கு வரும் பெற்றோர் பலர் வாசலிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், இன்னிக்கு என்ன படிச்சான்?" தண்ணீரில் விளையாடினான், கட்டை அடுக்கினான், மணலில் தோண்டிக்கொண்டிருந்தான் என்று பதில் வந்தால் சிலரது முகம் மாறிவிடுகிறது. மாதா மாதம் பணம் கட்டுவது விளையாடுவதற்கா என்ற எண்ணம்தான் காரணம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சித் தாள் கொடுக்கும் வேறு இடத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு.

இந்தக் கவலையைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு காலத்தில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள், கைக்குழந்தைகளைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். வேலை முடிந்து வரும்வரை பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. லயத்து வாழ்க்கையிலிருந்து பிள்ளைகளைக் கரையேற்றப் படிப்பு ஒன்றையே நம்பிய சமூகத்துக்கு, "விளையாட்டு" என்ற சொல் வீண்பொழுதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஒன்று முதல் மூன்று வயது வரை, பிள்ளை பாடம் கற்கும் முறையே விளையாட்டுதான்.

தண்ணீர்த் தொட்டியில் நடக்கும் கணிதம்

தாஸ்காவில் ஒரு சிறிய தொட்டியில் தண்ணீர். பக்கத்தில் ஒரு கிண்ணம், ஒரு போத்தல், ஒரு புனல். இரண்டு வயதுப் பிள்ளை கிண்ணத்தில் மொண்டு போத்தலில் ஊற்றுகிறது. நிரம்பி வழிகிறது. கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றுகிறது. பார்ப்பவருக்கு இது ஈர உடுப்பும் வேலையும்தான். பிள்ளைக்கோ நிறைய, கொஞ்சம், காலி, பெரியது, சிறியது என்பவை கையால் தொட்டு அறியும் பாடம்.

ஒன்றையே இருபது முறை செய்வது பிடிவாதம் அல்ல. "இப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகுமா?" என்று பிள்ளை சோதித்துப் பார்க்கிறது. கரண்டியைக் கீழே போட்டுப் போட்டுப் பார்ப்பதும் அதே சோதனைதான். அந்த நேரத்தில் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து, "நெறைஞ்சிருச்சா? ஐயோ, வழியுதே!" என்று சொன்னால், கை செய்வதோடு சேர்ந்து சொல்லும் மனதில் பதிந்துவிடும்.

ஒளிந்து விளையாடுவதும் ஒரு பாடம்

துண்டால் முகத்தை மூடித் திறந்து காட்டினால் குழந்தை சிரிக்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கத்தான் செய்கிறது என்பதைக் குழந்தை மெல்ல மெல்லத்தான் அறிகிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். காலையில் தாஸ்கா வாசலில் கேட்கும் அழுகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அம்மா மறைந்தாலும் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஒரே நாளில் வருவதில்லை. பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போவதைவிட, "அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவதே நல்லது.

பென்சிலுக்கு முன்னால் கை தயாராக வேண்டும்

மணிக்கட்டில் எட்டு சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒரு வயதில் பொதுவாக இரண்டுதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். மற்றவை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக உருவாகின்றன. சின்னப் பிள்ளைகள் கிரேயானை முழு முட்டியால் பிடிக்கிறார்கள். மாவு பிசைவது, மூடியைத் திருகுவது, பஞ்சை நனைத்துப் பிழிவது, கட்டை அடுக்குவது எல்லாம் அந்தக் கைக்கும் விரலுக்கும் பயிற்சி. அதை விட்டுவிட்டுப் புள்ளிக் கோட்டின்மேல் எழுத வைத்தால், கை வலியோடு எழுத்தின்மேல் வெறுப்பும் வந்துவிடக்கூடும்.

கல் சோறாகும்போது

ஒன்றரை, இரண்டு வயதை ஒட்டிப் பாவனை விளையாட்டு தொடங்குகிறது. சிரட்டையில் கல்லைப் போட்டுக் கிளறி, "சோறு, சாப்பிடு" என்று நீட்டுகிறது பிள்ளை. கல் சோறில்லை என்று அதற்குத் தெரியும். ஆனாலும் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்ள மனம் பழகிவிட்டது. நாளை 'அ' என்ற கோட்டைப் பார்த்து அது ஓர் ஒலியைக் குறிக்கிறது என்று புரிந்துகொள்ளவும் இதே பழக்கம்தான் தேவை. எழுத்தறிவுக்கான பாதை அந்தச் சிரட்டையிலேயே தொடங்கிவிடுகிறது.

பொம்மையைப் பறித்துக்கொள்ளும் பிள்ளையைப் பொல்லாத பிள்ளை என்று முத்திரை குத்த வேண்டாம். சின்னஞ்சிறு பிள்ளைகள் பெரும்பாலும் சேர்ந்து விளையாடுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கட்டங்களை வகைப்படுத்தினார். ஒரே மாதிரி இரண்டு பொம்மைகள் வைப்பதும், "எனக்கும் குடு" என்று கேட்கச் சொல்லித் தருவதும் அடியைவிட நல்ல மருந்து.

சும்மா விட்டுவிடுவது விளையாட்டு ஆகாது

இங்கே ஒரு வேறுபாட்டைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஓர் அறையில் பதினைந்து பிள்ளைகளை அடைத்துத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, "விளையாட்டு முறைக் கல்வி" என்று சொன்னால் அது ஏமாற்று. விளையாட்டைப் பாடமாக்குவது, பக்கத்தில் இருந்து பார்த்துப் பேசிப் பதில் சொல்லும் பெரியவர்தான்.

அதனால்தான் ஆள் எண்ணிக்கை முக்கியமாகிறது. மலேசியாவில், கட்டணம் வாங்கிக்கொண்டு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூக நலத்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது விதி. சுவரில் ஒட்டிய ஆங்கில எழுத்து அட்டையைப் பார்ப்பதற்கு முன், பதிவுச் சான்றிதழையும் ஆள் கணக்கையும் பார்ப்பது நல்லது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது. ஒரு வயது கடந்த பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை

இதற்கு விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. காலி ரொட்டி டின், மூடிகள், சிரட்டை, பழைய துணி, அட்டைப் பெட்டி போதும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கு விரல் சோறு ஊட்டி, கைவழியே நண்டு ஊர வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டும் பாட்டிமார் விளையாட்டில் விரல் பெயர், எண்ணிக்கை, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு எல்லாமே இருக்கின்றன. தாஸ்காவில் மலாயும் ஆங்கிலமும் கேட்டு வரும் பிள்ளைக்கு, தமிழ்ச் சொற்கள் வந்து சேரும் வழியும் இதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். புளியங்கொட்டை, கோலி, சட்டைப் பித்தான் போன்றவை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும், அவற்றைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். சில அங்குலத் தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கிவிடலாம். ஆகவே தண்ணீர் விளையாட்டின்போது ஒரு நொடிகூட நகராதீர்கள், முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

அடுத்த முறை தாஸ்கா வாசலில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "டீச்சர், இன்னிக்கு எதை வெச்சு ரொம்ப நேரம் விளையாடினான்? புதுசா என்ன சொன்னான்?" நல்ல ஆசிரியையிடம் அதற்கு நிச்சயம் பதில் இருக்கும். பதில் சொல்ல முடியாமல் விழித்தால், அப்போது யோசிக்க வேண்டியதுதான்.