சாம்பலில் பூத்த மலர்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில், கேப் டவுன் நகரத்தைச் சூழ்ந்து நிற்கும் மலைச்சரிவுகளில் தீப்பற்றி எரிந்து அடங்கிய சில நாள்களுக்குள் ஒரு வியத்தகு காட்சியைக் காணலாம். எங்கு நோக்கினும் கரி, காலடியில் சாம்பல், புதர்களெல்லாம் கருகிய எலும்புக்கூடுகளாக நிற்கின்றன. அந்தக் கருநிலத்தைப் பிளந்துகொண்டு, இலை ஒன்றேனும் இல்லாமல், ஒரு சாண் உயரத்திற்கு ஒரு தண்டு எழுகிறது. அதன் உச்சியில் சிவந்த குழல்வடிவ மலர்கள் கொத்தாகத் தலை கவிழ்ந்து தொங்குகின்றன. அந்நாட்டார் இதனை நெருப்பு லில்லி என்பர். தாவர நூலார் இட்ட பெயர் சிர்டாந்தஸ் வென்ட்ரிகோசஸ். வெங்காயத்தைப்போல மண்ணுக்குள் குமிழ்க்கிழங்கு உடைய செடி இது. தீ வராத ஆண்டுகளில் இது இருக்கும் இடமே தெரியாது. 2015 மார்ச்சு மாதத்தில் அத்தீபகற்பத்தின் மலைகளில் பெருந்தீ மூண்டது. அது அடங்கியபின், சில்வர்மைன் என்னும் பகுதியில் இம்மலர்கள் திரளாகப் பூத்தன. அவற்றைக் காண மக்கள் காமிராவும் கையுமாகச் சென்றார்கள்.

இத்தகைய மலர்களைப் படம்பிடிப்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பூவைப் படமெடுப்பதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். ரோஜாவையோ தாமரையையோ எடுப்பதானால் அதிகம் இல்லைதான். ஆனால் இங்கே மலர் மட்டும் விழுந்த படம் பாதி உண்மையையே சொல்லும். மற்றப் பாதி அதைச் சுற்றியுள்ள சாம்பலில் இருக்கிறது.

முதலில் அந்த நிலத்தை அறிந்துகொள்வோம். அங்கே வளரும் குறும்புதர்க் காட்டுக்கு ஃபைன்போஸ் என்று பெயர். மெல்லிய இலைகளையுடைய புதர் என்பது பொருள். சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேப் தாவர மண்டலம் நம் தமிழ்நாட்டைவிடச் சிறியது. எனினும் ஏறத்தாழ 9,000 வகைப் பூக்கும் தாவரங்கள் அங்கே உள்ளன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையோ வறண்டது, காற்று மிகுந்தது. ஆகவே பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ வருவது அந்நிலத்தின் இயல்பு. செடிகளும் அதற்கேற்பத் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டன. புரோட்டியா இனச் செடிகள் பலவும் தம் விதைகளை மரம்போல் கெட்டியான பூத்தலைகளுக்குள் ஆண்டுக்கணக்காகப் பூட்டி வைக்கின்றன. தீயில் செடி மடிந்தபின் அவை விரிந்து விதைகளைச் சொரிகின்றன. வேறு சில செடிகளின் விதைகளை எறும்புகள் இழுத்துச் சென்று புற்றுக்குள் சேர்க்கின்றன. விதையின் நுனியில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதையே அவற்றுக்குக் கூலி. அதைத் தின்றுவிட்டு விதையை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகின்றன. தீ மேலே கடந்து போகும்போது விதை கீழே பத்திரமாக இருக்கிறது.

விதையை எழுப்புவது வெப்பம் மட்டுமன்று, புகையும்தான் என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களான டி லாங்கேயும் பௌச்சரும் 1990-ல் காட்டினார்கள். புகையில் உள்ள எந்தப் பொருள் இதனைச் செய்கிறது என்னும் தேடலுக்கு 2004-ல் விடை கிடைத்தது. அப்பொருளுக்கும் அதன் இனத்துக்கும் பின்னர்க் காரிகின் என்று பெயரிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் பழங்குடியினர் புகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நெருப்பு லில்லி பூப்பதும் புகையின் தூண்டுதலால்தான் என்று கீலி என்ற அமெரிக்க அறிஞர் 1993-ல் எழுதினார்.

இனிக் காமிராவுக்கு வருவோம். கரிநிலத்தில் செம்மலரை எடுக்கப் புகுவோர் பலரும் முதலில் ஏமாற்றமே அடைவர். மலர் உருவமற்ற சிவப்புத் திட்டாக வெளுத்திருக்கும். கரியோ சாம்பல்நிறமாகக் காட்சியளிக்கும். இதன் காரணம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே விளங்கியது. பரிசு பெற்ற மாணவன் ஒருவனைக் கரும்பலகைக்கு முன் நிறுத்திப் படமெடுத்தேன். கழுவி வந்த படத்தில் பலகை பழுப்பாகவும் பையனின் முகம் சுண்ணாம்பு பூசினாற்போலவும் இருந்தன. அவன் தாயாரிடம் அதைக் கொடுக்க எனக்கு வெட்கமாயிற்று. காமிராவின் ஒளிமானிக்கு இது பலகை, இது முகம் என்று தெரியாது. காட்சி முழுவதும் நடுத்தரமான வெளிச்சம் உடையது என்றே அது கொள்ளும். கருமை மிகுந்திருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி, ஒளியை வேண்டுமளவுக்கு மேல் உள்ளே விட்டுவிடும். ஆகவே, கரிநிலத்தில் அது காட்டும் அளவில் பாதி ஒளியே போதும் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். கைப்பேசியில் எடுப்போர் திரையில் மலரைத் தொட்டுவிட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறைத்துக்கொண்டால் போதும்.

நண்பகல் வெயில் ஆகாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்து வரும் கதிர் இதழின் பின்னிருந்து ஊடுருவும்போது அதன் நரம்புகளும் தெரியும். மேகம் மூடிய நாளும் நல்லதே. மலர் தலைகவிழ்ந்து நிற்பதால், நின்றபடி எடுத்தால் அதன் முதுகுதான் விழும். சாம்பலில் படுத்தே எடுக்க வேண்டும். உடுப்பு பாழாகும், அதற்கு நான் பொறுப்பல்ல! கோடையில் அங்கே வீசும் தென்கிழக்குக் காற்று பேர்போனது. அதில் சாம்பல் பறக்கும்போது லென்சைக் கழற்றி மாற்றுவது காமிராவைக் கெடுத்துக்கொள்ளும் வழி.

படத்தின் அழகைக் கெடுக்கின்றன என்று கரிக்குச்சிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு எடுப்பாரும் உளர். இதை நான் ஒப்பமாட்டேன். அது சாட்சியைக் கலைப்பதாகும். அக்குச்சிகளின் நிழலில்தான் கடுகளவு நாற்றுகள் முளைத்துக் கொண்டிருக்கும். எரிந்த சரிவில் மண் பிடிப்பற்றிருக்கும். காலால் மிதித்தால் சரியும். காவலர் மூடிய பாதையில் ஒரு படத்துக்காக நுழைபவன், தான் தேடிவந்த அடுத்த ஆண்டுப் பூவையே மிதித்து அழிக்கிறான்.

தீ இவ்வளவு நன்மை செய்யுமானால் தீ வைப்பது குற்றமா என்று கேட்கத் தோன்றலாம். 2018 மார்ச்சில் நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் மாண்டதை நாம் மறக்கவில்லை. நம் சோலைக்காடுகள் தீயைத் தாங்குவன அல்ல. கேப் மலைகளிலும் 2021 ஏப்ரல் 18-ஆம் நாள் மூண்ட தீ பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து, ஜாகர் நூலகத்தின் வாசகசாலையைச் சாம்பலாக்கியது. அங்கிருந்த அரிய ஆப்பிரிக்க நூல்களுள் பல எரிந்து போயின. காட்டுக்கும்கூடத் தீ அடிக்கடி வந்தால் கேடுதான். புரோட்டியாச் செடி முளைத்து முதற்பூப் பூக்க நான்கைந்து ஆண்டுகளோ, அதற்கு மேலுமோ ஆகும். விதை சேரும் முன் மறுபடி தீ வந்தால் அந்த இனம் அவ்விடத்தை விட்டே மறையும்.

தீயே வராமல் காத்தாலும் கேடு உண்டு. கோகல்பெர்க் மலையின் ஈரச் சரிவுகளில் சதுப்பு ரோஜா என்னும் புதர் இருக்கிறது. பெயரில் ரோஜா, குலத்தில் புரோட்டியா. அதன் சிவந்த பூக்களைப் பறித்து விற்றமையால் அது அருகிவிட்டது என்று கருதி, பூப்பறிப்பதைத் தடுத்தார்கள்; தீயையும் அண்டவிடாமல் காத்தார்கள். இருந்தும் புதர்கள் முதுமையடைந்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. இளஞ்செடி ஒன்றும் தோன்றவில்லை. விதைகள் மண்ணுக்குள் தீயை எதிர்நோக்கிக் கிடந்தன என்பது பின்னர்தான் புலனாயிற்று. தீ பட்ட இடங்களில் நாற்றுகள் எழுந்தன. காவலே அதனை அழிவின் விளிம்பிற்குக் கொண்டு சென்றிருந்தது.

ஆகையால் அங்குள்ள வனப் பாதுகாவலர் எரியும் காலத்தைக் கணக்கிட ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மெதுவாக முதிரும் புரோட்டியா இனத்தில் பாதிச் செடிகளேனும் மூன்று பருவங்களாவது பூத்திருக்க வேண்டும். அதற்கு முன் தீ கூடாது. இதனை அறியப் படம் உதவும். எரிந்த நிலத்தில் ஒரு பாறையை அடையாளமாகக் கொண்டு, அதே இடத்தில் நின்று, அதே திசை நோக்கி, ஆண்டுதோறும் ஒரு படம் எடுக்க வேண்டும். முதற்படத்தில் கரியும் நெருப்பு லில்லியும் இருக்கும். அடுத்த வசந்தங்களில் வாட்சோனியாவின் இளஞ்சிவப்புக் கதிர்கள் வரும். பின்னர்ப் புதர்கள் எழுந்து லில்லி இருந்த இடத்தை மறைத்துவிடும். ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ, ஏதோ ஒரு படத்தின் ஓரத்தில் முதல் புரோட்டியா மலர் தெரியும். அந்தப் படத்தில் தேதி குறித்திருந்தால், பாதுகாவலர் அதிலிருந்து தம் கணக்கைத் தொடங்கலாம்.