மீன் குஞ்சுகளை ஏன் நிதானமாகப் பழக்க வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்து சேரும்போது பழவேற்காடு ஏரியின் உப்பு வெகுவாகக் குறைகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் முகத்துவாரமும் மணலால் அடைபட்டால், அதே நீர் கடல் நீரைவிட அதிகமாகக் கரிக்கிறது. இந்த இரண்டு நிலைகளையும் தாங்கி மடவை மீன் அங்கே வளர்கிறது. ஆனால், பொன்னேரி வட்டாரத்தில் உவர்நீர்க் குளம் வைத்திருப்பவர் வாங்கி வந்த மடவைக் குஞ்சுகளை அப்படியே குளத்தில் கொட்டினால், மறுநாள் பல குஞ்சுகள் செத்து மிதக்கக்கூடும். இதற்குக் காரணம் மீனின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது.

செவுளில் உள்ள உப்பு இறைப்பான்

கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு உள்ளது. மீனின் இரத்தத்தில் இருப்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எனவே கரிப்பான நீரில் மீன் உடல் நீரை இழக்கிறது. உப்பு உள்ளே ஏறுகிறது. நல்ல நீரில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இதைச் சரிக்கட்டச் செவுளின் உயிரணுக்களில் உப்பை இறைக்கும் புரதங்கள் உள்ளன. இவற்றுள் முக்கியமான ஒன்றை டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூ 1957-ல் நண்டின் கால் நரம்பில் கண்டறிந்தார். இதற்காக 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூலப் பத்திரமும் நகலும்

நீரின் உப்பு மாறியதும் மீனுக்குப் புதிய இறைப்பான்கள் வேண்டும். அவற்றைச் செய்யும் குறிப்பு, உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுவில் இருக்கிறது. நிலத்தின் மூலப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, காரியத்துக்கு நகலை எடுத்துச் செல்வது வழக்கம். உயிரணுவும் அப்படியே செய்கிறது. தேவையான மரபணுவுக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து உட்கருவுக்கு வெளியே அனுப்புகிறது.

அங்கே ரிபோசோம் என்னும் நுண்ணிய பட்டறை அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். இருபது வகை அமினோ அமிலங்களை அந்த வரிசைப்படி கோத்தால் புரதம் உருவாகிறது. ரிபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

நகல் எடுத்து, புரதம் கோத்து, அதைச் செவுளில் பொருத்தி முடிக்கச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை ஆகும். அந்த அவகாசம் கிடைக்காத குஞ்சுதான் சாகிறது.

குஞ்சு விடும் முறை

1. குஞ்சு வந்த நீரின் உப்பையும் குளத்து நீரின் உப்பையும் உப்புமானியால் அளக்க வேண்டும். வித்தியாசம் அதிகமானால், குளத்து அளவுக்கு முன்கூட்டியே பழக்கித் தரும்படி குஞ்சுப் பொரிப்பகத்தாரிடம் கேட்க வேண்டும்.

2. காலையிலோ மாலையிலோ, பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் குளத்தில் மிதக்க விட வேண்டும்.

3. பிறகு குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உப்பு மணிக்கு 2 பங்குக்கு மேல் மாறலாகாது. தொட்டிக்குக் காற்று செலுத்துவது அவசியம்.

4. இறைப்பான்கள் வேலை செய்யத் தீனியின் சக்தி செலவாகிறது. எனவே கோடையில் குளத்து உப்பு ஏறாமல் நீர் மாற்றினால், தின்ற தீனி வளர்ச்சிக்குப் பயன்படும்.

ஏரி மீனுக்கும் இதே கணக்குதான். எந்த இறைப்பானுக்கும் ஓர் எல்லை உண்டு. முகத்துவாரம் திறந்திருந்தால்தான் ஏரியின் உப்பு அந்த எல்லைக்குள் நிற்கும். மீனவர் வலையிலும் மடவை விழும்.