அக்காவுக்குத் தெரியாமல் ஒரு தோல் பை

பையின் முதல் அவதாரத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. வெளுத்துப்போன ஃபிளெக்ஸ் பேனரை வெட்டி, ஸ்டேப்ளர் அடித்து, மாதிரிப் பை ஒன்று செய்து வைத்திருந்தான் தம்பி. ஏதோ ஒரு காதணி விழாவுக்குக் கட்டிய பேனர். முன்பக்கத்தில் தாய்மாமன் ஒருவர் கைகூப்பி நிற்கிறார். அடிமடிப்பில் அவர் இடுப்பு மடங்கி, பின்பக்கத்தில் கால்கள் மட்டும் தெரிகின்றன.

"சிரிக்காத சின்னக்கா. தோல்ல தப்பா வெட்டினா காசு போச்சு. மாமா கிழிஞ்சா யாரு கேக்கப்போறா?"

நிஜப் பை எங்கள் பெரியக்காவுக்கு. தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. இத்தனை வருடமும் துணிக்கடையில் கொடுத்த கட்டைப்பையில்தான் வருகைப் பதிவேட்டையும் விடைத்தாளையும் சுமந்துகொண்டு போனாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் தோல் வேலை பழகும் தம்பி, புதுப் பள்ளிக்கு அவள் கைத்தையல் பையோடுதான் போகவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டான். எங்கள் வீட்டு மொட்டைமாடி அறை ரகசியப் பட்டறை ஆயிற்று. நான் உளவாளி ஆனேன்.

உளவு வேலை சாதாரணமில்லை. பெரியக்கா குளிக்கப் போன நேரத்தில் தையல்காரர் டேப்பால் அவளுடைய டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மடக்குக்குடை, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டிபன் பாக்ஸ் பைக்குள் படுக்கக் கூடாது, நிமிர்ந்து நிற்கவேண்டும். சாம்பார் நாள் என்று ஒன்று இருக்கிறதே! அகலம் 36 செ.மீ., உயரம் 28, பக்கவாட்டு 10 என்று கணக்கு வந்தது. மேலே மூடி போட்டு பித்தளைக் கொக்கி மட்டும் வைக்கலாம், அதுதான் அழகு என்றான் தம்பி. மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவளுக்கு ஜிப் இல்லாத பையா? அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன்.

தோல் வாங்கப் பெரியமேட்டுக்குக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். சைடன்ஹாம்ஸ் சாலையை ஆட்டோவில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், சந்துகளுக்குள் இப்படி ஓர் உலகம் இருப்பது தெரியாது. மிளகாய்ச் சிவப்பு, மயில்கழுத்து நீலம், முதலை அச்சு போட்ட மாட்டுத்தோல் என்று கூரைவரை அடுக்கு அடுக்காகத் தோல். பக்கிள் மட்டும் விற்க ஒரு கடை, ஜிப்புக்கு ஒரு கடை, நூலுக்கு ஒரு கடை. நகைக்கடையில்கூட எனக்கு இப்படிப் படபடப்பு வந்ததில்லை.

கடைக்கார பாய் ஒரு தோலை உதறி விரித்தார். பின்பக்கத்தில் 11 என்று எழுதி, அதன் தலைமேல் பொடியாக 3 என்று போட்டிருந்தது. பதினொன்றின் மும்மடிப் பெருக்கமா என்று கேட்டேன். பாய் சிரித்துவிட்டார். பதினொன்றே முக்கால் சதுர அடியாம். மேலே உள்ள குட்டி எண் எத்தனை கால் என்று சொல்கிறது. மாட்டுக்கு அல்ல, அடிக்கு.

"வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பாரு தம்பி. டியூப்லைட்ல எல்லாத் தோலும் அழகுதான்."

வாசலில் வைத்துப் பார்த்தால் அந்த மாட்டின் வாழ்க்கை வரலாறே அதில் இருந்தது. கழுத்துப் பக்கம் சுருக்கங்கள், உண்ணி கடித்த புள்ளிகள், முள்வேலி கிழித்து ஆறிய ஒரு நீளக் கீறல். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும், பைக்கு ஆகாது. முதுகெலும்பை ஒட்டிய பகுதிதான் இறுக்கம். தோள்பட்டை வார் அங்கேதான் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் வார் மாதத்துக்கு மாதம் நீளும். நான் கீறல் இல்லாத தோலைத் தேட, தம்பியோ கீறல் உள்ளதையே பிடித்துக்கொண்டான். அந்தக் கீறலைப் பையின் முன்பக்கம் வைக்கப்போகிறானாம்! "மேல்தோலைச் சீவாம விட்டாத்தான் இது தெரியும். இதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம்." இதில் மட்டும் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. 'ஜெனுவின் லெதர்' என்ற முத்திரையைப் பார்த்ததும் பர்ஸைத் திறப்பவர்கள் கவனிக்க: தோல் என்பதற்கு மேல் அது எந்த உறுதியும் தருவதில்லை. மேலடுக்கை உரித்த பிறகு மிஞ்சும் அடியடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி, அதே முத்திரையோடு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, குரோமா பட்டையா? இன்று உலகில் பதப்படும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதப்படுவது. ஒரு நாளிலேயே வேலை முடியும். மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கு அஞ்சாது. வெட்டிய ஓரத்தில் பல நேரம் நீலச் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். மரப்பட்டையில் பதப்படுத்த வாரக்கணக்கு ஆகும். வெட்டினால் உள்ளேயும் அதே பழுப்பு. விறைப்பாக நிற்கும், ஓரம் தேய்த்தால் பளபளக்கும், வெயில் பட்டால் வருடாவருடம் கருத்து அழகாகும். கையால் தைக்கிறவர்கள் பட்டைத் தோலுக்கு உயிரை விடுவது இதனால்தான்.

இந்த இடத்தில் நான் துள்ளிக் குதிக்காமல் இருக்க முடியவில்லை. தம்பி பார்க்கும் வீடியோக்களில் எல்லாரும் இத்தாலியத் தோல், டஸ்கனித் தோல் என்று உருகுகிறார்கள். நம்மூரில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய தோலுக்கு 'ஈ.ஐ.', அதாவது ஈஸ்ட் இந்தியா, என்று வணிக உலகம் பேர் வைத்து, மதராஸ் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றியது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுகளின் மேல்தோலுக்கு அது போயிருக்கிறது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. தோலை ஆராயவென்றே 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் ஊருக்கே செருப்பு போட்டுவிடுகின்றன. இவ்வளவையும் மடியில் வைத்துக்கொண்டு டஸ்கனிக்கு ஏங்குவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்பது என் கட்சி.

மாடிக்குத் திரும்பியதும் தம்பி மந்திரவாதி வேலை ஒன்று காட்டினான். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்ட பாட்டில். அந்தத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வாரின் மேல் ஓர் இழுப்பு. மரப்பழுப்பாக இருந்த தோல் என் கண்ணெதிரே கரியாகக் கறுத்தது! சாயம் இல்லை, பெயின்ட் இல்லை. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் போட்டு அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே ரசாயனம்தான். பிறகு ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, மிச்சமிருக்கும் புளிப்பை முறிக்க வேண்டும். இதே காரணத்தால் ஈரக்கையோடு இரும்புக் கத்தரிக்கோலை எடுத்துத் தோல் மேல் வைத்துவிடக் கூடாது. எனக்கு அந்தப் பக்கம் வரவே தடை.

வெட்டுவது நிமிடக் காரியம், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அவ்வளவுதான். ஓட்டை போடுவதுதான் அபார்ட்மென்ட் பிரச்சினை. 4 மி.மீ. இடைவெளியில் வரிசையாகப் பல் வைத்த உளி, அடியில் சமையலறை மேடையில் மிஞ்சிய கிரானைட் துண்டு, மேலே கட்டைச் சுத்தியல். ஒரு பக்கத் தையல் 92 செ.மீ.; சுமார் 230 துளை. அதுபோல இரண்டு பக்கம். கீழ்வீட்டில் மிக்ஸி ஓடும் நேரம் பார்த்து அடித்தான். நடுவில் பெரியக்காவே படியேறி வந்துவிட்டாள். போர்வையை விசிறி எல்லாவற்றையும் மூடினோம்.

"என்னடி இது, தோல் நாத்தம்?"

"புதுச் செருப்புக்கா."

கைத்தையலின் சூட்சுமம் ஒரே நூல், இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரும் புதிருமாக நுழைகின்றன. மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கியிட்டுப் பிடித்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். இதில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் தையல் இது. 1837இல் பாரிஸில் சேணப் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மெஸ், லட்சக்கணக்கில் விலை போடும் பைகளுக்கு இன்றும் இதைத்தான் போடுகிறது. நூல், தையல் நீளத்தைப்போல் நாலு மடங்கு வேண்டும். தேன்மெழுகு தடவி, முழங்கால்களுக்கு நடுவே பலகைக் கிடுக்கியில் தோலை நிறுத்தி, தம்பி இரண்டு கையையும் சிறகு மாதிரி விரித்து இழுக்கிற அழகைப் பார்க்கவேண்டுமே!

இந்தக் கிடுக்கி வீடியோ பார்த்துச் செய்தது. ஆனால் மடிக்கிற ஓரத்தைக் கத்தியால் காகிதத் தடிமனுக்குச் சீவ அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைக்கிற பெரியவர். கத்தியைத் தள்ளாதே, படுக்கவைத்து நகர்த்து என்று கையைப் பிடித்துக் காட்டினாராம். தலைமுறை தலைமுறையாக இந்தக் கைவேலையைச் செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்த சமூகம்தான் நாம். அதே வேலை இன்று ஹாபி என்ற பெயரில் நடுத்தட்டு வீட்டு மாடிக்கு வந்தவுடன் "அடடா, எவ்வளவு பொறுமை!" என்கிறோம். தம்பி அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறான். அவர் இன்னும் குடை நிழலில் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தையல்தான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. ஓரம்! இரண்டு மூன்று அடுக்கு ஒட்டித் தைத்த ஓரத்தை முதலில் முனை மழுக்கி, உப்புத்தாளால் சொரசொரப்பில் தொடங்கி நைஸ் வரை தேய்த்து, தண்ணீர் தொட்டு, பிசின் தடவி, கட்டையால் சூடு ஏறத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி உப்புத்தாள். எனக்கும் பழைய ஜீன்ஸ் துணி ஒன்றைக் கொடுத்துத் தேய்க்கவிட்டான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு திடீரென்று அடுக்குகளின் கோடு மறைந்து, ஓரம் ஒரே மரத்தில் கடைந்ததுபோல் மின்ன ஆரம்பித்தது. நான் போட்ட கூச்சலில் தம்பியின் ஊசி தவறியது. இனிமேல் எந்தக் கடைக்குப் போனாலும் பையின் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பெயின்ட் அடித்து மூடியதா, தேய்த்துப் பளபளக்க வைத்ததா என்று விரல் சொல்லிவிடும்.

இனி, பெரியக்காவுக்குத் தெரியவே கூடாத சங்கதி. பையின் அடி தொங்காமல் இருக்க இரண்டு தோலுக்கு நடுவே விறைப்பான அட்டை வைக்கவேண்டும். கடை அட்டை எதுவும் தம்பிக்குத் திருப்தியில்லை. பரணில் தேடி, அவனுடைய பத்தாம் வகுப்புப் பரீட்சை அட்டையை எடுத்துவந்தான். கிளிப்பைப் பிடுங்கி, 36க்கு 10 என்று அறுத்து, சொல்யூஷன் தடவி உள்ளே வைத்து ஒட்டினான். அதன் மேல் கணக்குப் பரீட்சை சமயத்தில் கிறுக்கிய கிரிக்கெட் ஸ்கோர்களும், கணக்கு வாத்தியாரின் கேலிச்சித்திரம் ஒன்றும் அப்படியே இருக்கின்றன. தலைமையாசிரியை அம்மாள் தினமும் இதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பிரேயருக்குப் போகப்போகிறார்.

எண்ணெய் பூசிக் காயவைத்தாயிற்று. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், போட்டுவைக்க ஒரு காடாத்துணி உறையும் தைத்தாயிற்று. மிச்சமிருந்த வயிற்றுப் பக்கத் துண்டில் எனக்கு ஒரு சில்லறை பர்ஸ், அதற்கும் ஓரம் நானே தேய்த்தேன். பாக்கி ஒரே ஒரு சிக்கல். பெரியக்கா எந்தப் பரிசை வாங்கினாலும் நன்றி சொல்வதற்கு முன்னால் "எவ்வளவுடா ஆச்சு?" என்றுதான் கேட்பாள். தோல், பக்கிள், ஜிப், உளி எல்லாம் சேர்த்து உண்மையைச் சொன்னால் பையை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு மறுநாளும் கட்டைப்பையோடு கிளம்பிவிடுவாள்.

"என்னடா சொல்லப்போற?"

"சின்னக்காவுக்கு பர்ஸ் தைச்சேன், தோல் மீந்துபோச்சுன்னு சொல்லிடறேன்."