நிலையம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்



"ரயிலுக்குக் குடுத்த காசவிட, எறங்கின பெறகு டாக்சிக்குக் குடுத்த காசுதாங்க ஜாஸ்தி."

ரயில் பயணம் போய் வந்த நம்மவர்கள் இப்படிச் சொல்வதை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். ஊருக்கு ரயில் இருக்கிறது என்று நம்பிப் போவார்கள். இறங்கிப் பார்த்தால் ஊரைக் காணோம். ஊர் ஆற்றுக்கு அப்பால் இருக்கும். அல்லது கடலுக்கு அப்பால் இருக்கும். அல்லது ஒரு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கும். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. கையில் துணிப் பை, இடுப்பில் பிள்ளை, கூடவே வயதான தாயார் என்று வந்து இறங்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு அது ஒரு நாள் சம்பளக் கணக்கு.

ஊருக்கு நடுவில் நிலையத்தைக் கட்டாமல் ஏன் இப்படிச் செய்தார்கள்? "வெள்ளைக்காரன் போட்டது, அவன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கொஞ்சம் விசாரித்தால், இந்தக் கதையில் நம் பாட்டன் பூட்டன்மார்களும் இருக்கிறார்கள் என்பது தெரியவரும்.

ஈயத்துக்குப் போட்ட தண்டவாளம்

இந்நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ஒன்று. 1891 இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு ஒன்று. இவற்றை வரைபடத்தில் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். எல்லாம் உள்நாட்டு ஈயலம்பத்திலிருந்து கடற்கரைத் துறைமுகத்துக்கு ஓடிய பாதைகள். ஈயக் கட்டியைக் கப்பலில் ஏற்றுவதுதான் நோக்கம். பிறகு ரப்பர் வந்தது. அதையும் இதே ரயில்தான் சுமந்தது.

இந்தத் துண்டுப் பாதைகளை வடக்கிலும் தெற்கிலும் ஒட்டவைத்து, பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை ஒரே பாதையாக ஆக்கியது 1909 இல். அப்போதும் சரக்கு எங்கே இருக்கிறது, பாலம் எங்கே சுலபமாகக் கட்டலாம், மேடு பள்ளம் எங்கே குறைவு என்றுதான் பார்த்தார்கள். பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஊர் பிழைத்தது. தள்ளி இருந்த ஊர், எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும், தள்ளியே நின்றது.

காடு வெட்டி, மண் சுமந்து, சிலிப்பர் கட்டை தூக்கிப் போட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். ஆனால் பாதை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

மலாக்கா இழந்த ரயில்

மலாக்காவை எடுத்துக்கொள்வோம். இந்நாட்டின் பழைய துறைமுகப் பட்டினங்களில் ஒன்று. சரித்திரப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வரும் ஊர். ஆனால் இன்று நிலையத்து முகப்பில் போய் நின்று, "ஏங்க, மலாக்காவுக்கு ரெண்டு டிக்கெட்" என்று கேட்டுப் பாருங்கள். "மலாக்காவுக்கு ரயில் இல்லம்மா. தம்பின்ல எறங்கி பஸ் புடிக்கணும்" என்றுதான் பதில் வரும்.

அந்த நிலையத்தின் பெயர் புலாவ் செபாங்/தம்பின். புலாவ் செபாங் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. ஒட்டினாற்போல் இருக்கும் தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. மாநில எல்லையில் நிற்கும் இந்த நிலையத்திலிருந்து மலாக்கா நகருக்குச் சடக்கு வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர்.

மலாக்காவுக்கு எப்போதுமே ரயில் இல்லாமல் இருந்ததா? இல்லை. 1905 ஆம் ஆண்டிலேயே தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப் பாதை போட்டிருந்தார்கள். சுற்று வட்டாரத் தோட்டங்களின் ரப்பர் அதில் போயிற்று. நம்மவர்களும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதில் போய் வந்தார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். 1942 இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினான். 415 கிலோமீட்டர் காட்டுப் பாதை. அதற்குத் தண்டவாளம் வேண்டும்; ஆளும் வேண்டும். தண்டவாளத்துக்கு மலாக்காக் கிளைப் பாதையைப் பிடுங்கினான். ஆளுக்கு நம் தோட்டங்களுக்கு வந்தான்.

நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரவில் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதையையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். வாந்திபேதி, மலேரியா, ஆறாத புண், அடி, பட்டினி. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது, போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே புதைந்துபோயிருந்தார்கள். சயாம் மரண ரயில் என்று நாம் சொல்லுவது இதைத்தான்.

போரில் சிறைப்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. கல்லில் பெயரும் இருக்கிறது. தோட்டத்திலிருந்து போன ராமசாமிக்கும் முனியம்மாளுக்கும் பெயர் எழுதிய கல் இல்லை.

போர் முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஆனால் மலாக்காக் கிளைப் பாதையை மறுபடி போடவே இல்லை. தண்டவாளமும் திரும்பவில்லை, தண்டவாளத்தோடு போன ஆட்களும் திரும்பவில்லை. ஆகவே, அடுத்த முறை தம்பினில் இறங்கி மலாக்கா பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, "இந்த ஊருக்கு ஏன்தான் ரயில் இல்லையோ" என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் கோத்தா பாரு

ஜப்பான்காரன் பிடுங்கியது மலாக்காப் பாதையை மட்டும் அல்ல. கெமாஸிலிருந்து கிளந்தானுக்குப் போகும் கிழக்குக் கரைப் பாதை 1931 இல்தான் முழுமை பெற்றிருந்தது. அதிலும் நடுவில் நீண்ட தூரத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அதைச் சரிசெய்து மறுபடி முழுப் பாதையிலும் ரயில் ஓட 1950களாயிற்று.

அந்தப் பாதையில் கோத்தா பாருவுக்குப் போகிறவர் இறங்க வேண்டிய இடம் வாக்காஃப் பாரு. கோத்தா பாரு கிளந்தான் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நிலையமோ மேற்குக் கரையில். தும்பாட் துறைமுகத்திலிருந்து தெற்கே வந்த பாதை மேற்குக் கரையோடேயே ஓடி, வெகு தூரம் உள்ளே குசியால் என்ற இடத்தில்தான் ஆற்றைக் கடக்கிறது. கோத்தா பாருவுக்குப் பக்கத்தில் ஆறு அகலம். ஆகவே மாநிலத் தலைநகரை எதிர்க்கரையில் விட்டுவிட்டு ரயில் போய்விட்டது. 1965 இல் சுல்தான் யஹ்யா பெத்ரா பாலம் திறக்கும்வரை, ரயிலை விட்டு இறங்கியவர்கள் படகில்தான் ஊருக்குள் போனார்கள்.

தண்டவாளம் இல்லாத நிலையம்

பினாங்கு கதை இன்னும் வேடிக்கை. ஜார்ஜ் டவுன் கடற்கரையில் மணிக்கூண்டோடு ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. 1907 இல் ரயில்வேக்காகக் கட்டியது. பிற்காலத்தில் சுங்கத் துறைக்குப் போய்விட்டது. அந்த நிலையத்துக்குத் தண்டவாளம் கிடையாது! அங்கே டிக்கெட் வாங்கி, பெர்ரியில் கடலைக் கடந்து, அக்கரையில் பிறையில்தான் ரயிலேற வேண்டும். ராஜுலா போன்ற கப்பல்களில் வந்து இறங்கிய நம் முன்னோர்களில் பலர், பிறையில் ரயில் பிடித்துத்தான் தோட்டங்களுக்குப் போனார்கள்.

1967 இல் நிலையம் பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மாறியது. 1985 இல் பினாங்குப் பாலம் வந்தது. அதில் கார் போகும், ரயில் போகாது. இன்றைக்கும் பினாங்குத் தீவுக்கு ரயிலில் போகிறவர் பட்டர்வொர்த்தில்தான் இறங்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு நல்ல பாடம் உண்டு. ரயில், பஸ், பெர்ரி மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. நிலையம் ஊருக்கு வெளியே இருந்தாலும், இறங்கிய இடத்திலேயே அடுத்த வண்டி நின்றால் ஏழைக்குக் கஷ்டம் பாதியாகக் குறைந்துவிடும்.

பெயரில் மட்டும் நடு

தலைநகருக்கு வருவோம். 1910 இல் கட்டிய கோலாலம்பூர் பழைய நிலையத்தை அறியாதவர் உண்டா? மசூதி போல் கோபுரங்களோடு, பட்டணத்தின் பழைய நடுப்பகுதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. 2001 இல் அந்தப் பெருமை பிரிக்பீல்ட்ஸில் எழும்பிய கே.எல். சென்ட்ரலுக்குப் போய்விட்டது. சென்ட்ரல் என்றால் நடு. ஆனால் பழைய பட்டணத்துக்கு நடுவே இருப்பது பழைய நிலையம்தான். சென்ட்ரல் நிற்கிற இடம் ரயில்வேயின் பெட்டிகள் கோக்கும் பழைய முற்றம். அதைச் சுற்றியிருந்த ரயில்வே வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன.

சென்ட்ரலைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பல வழித்தட ரயில்களும் அங்கே கூடுவது வசதிதான். ஆனால், "பெரிய ஸ்டேஷன்லதான் எறங்கணும்" என்று நினைத்து, அங்கே இறங்கி வழி தெரியாமல் அலைகிறவர்கள் உண்டு. கொமுட்டர் ரயில் பழைய கோலாலம்பூர் நிலையத்திலும் நிற்கிறது. துன் எச்.எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கிட்டம். மஸ்ஜித் இந்தியா பக்கம் துணி எடுக்கப் போகிறவர்கள் அதற்கும் அடுத்த பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கலாம். 2010 முதல் பத்துமலைக்கும் கொமுட்டர் போகிறது. தம்பின் வட்டாரத்துக் குடும்பம் புலாவ் செபாங்கில் ஏறினால் அதே தடத்தில் முருகன் சன்னிதிப் பக்கத்திலேயே போய் இறங்கலாம்.

சிங்கப்பூரில் நடந்ததோ இதைவிடப் பெரிய மாற்றம். 1903 முதல் டேங்க் ரோட்டில் நிலையம் இருந்தது. 1932 இல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தஞ்சோங் பகாருக்குப் போயிற்று. 2011 ஜூன் 30 ஆம் தேதி அங்கிருந்து கடைசி ரயில் கிளம்பியது. மறுநாளிலிருந்து நிலையம் தீவின் வடக்கு ஓரமான ஊட்லண்ட்ஸ். நகர நடுவிலிருந்து எல்லை வாசலுக்கே ரயில் பின்வாங்கிவிட்டது.

நாம் செய்யக்கூடியது

இடைவெளி எப்படி வந்தது என்பது சரித்திரம். அந்த இடைவெளியை இன்று யார் காசு கொடுத்துக் கடக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. மகளின் பிரசவத்துக்கு மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகும் தாயை நினைத்துப் பாருங்கள். இரவு ரயில் தாமதமாகி வருகிறது. கடைசி பஸ் போய்விட்டது. நிலையத்து வாசலில் நிற்கும் ஒரே டாக்சிக்காரர் கேட்டதுதான் விலை. பேரம் பேச அவளுக்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை.

ஆகவே சில யோசனைகளைச் சொல்லுகிறோம்.

டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்று சொல்லி, அதற்கு எந்த நிலையம் கிட்டம் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இறங்கும் நிலையத்திலிருந்து ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே விசாரித்து வையுங்கள். அதற்கு ஏற்றாற்போல் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தவரை பகல் ரயிலில் போங்கள்.

தனியாகப் போகும் முதியவர்களின் கையில், இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரை மலாய் மொழியில் பெரிதாக எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வேலையை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள்.

இது தனி ஆள் யோசனை. ஊர் கூடிச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ரயில் வரும் நேரத்துக்கு நிலையத்திலிருந்து பஸ் புறப்படுவதில்லை என்றால், தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளையோ, கோயில் கமிட்டியோ, தாமான் குடியிருப்பாளர் சங்கமோ கடிதம் எழுதலாம். எந்த ரயில், எத்தனை மணி, எத்தனை பேர் காத்துக் கிடந்தார்கள் என்று கணக்கோடு எழுதி, சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள். கணக்கு இல்லாத முறையீடு காற்றோடு போகும்.

இடம் பெயர்ந்த நிலையத்தை நம்மால் திருப்பிக் கொண்டுவர முடியாது. பிடுங்கிப் போன தண்டவாளத்தையும் கேட்டுப் பெற முடியாது. ஆனால் ரயிலைப் பார்த்து ஒரு பஸ் புறப்பட வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை அல்ல. இந்த நாட்டு ரயில் பாதைக்கு நம் ஜனங்கள் கொடுத்திருக்கும் விலைக்கு, அது மிகச் சின்னக் கோரிக்கை. கேட்போம்.