பைபர் படகைக் காக்கும் சின்னத் தகடு!

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் எளாவூர் வருகிறது. அதற்குக் கிழக்கே பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஏரி என்று பெயர்தான், தண்ணீரோ உப்பு! கடல் நீரும் ஆற்று நீரும் இங்கே கலக்கின்றன. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்கா முதலாவது. பழவேற்காடு இரண்டாவது.

இறால், நண்டு, மடவை என்று இந்த ஏரி பல ஊர்களுக்குச் சோறு போடுகிறது. அந்தச் சோற்றைக் கொண்டுவருவது படகு.

கட்டுமரம் போய் பைபர் வந்தது

முன்பு கடலுக்குப் போனது கட்டுமரம். மரங்களைக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். அலை இழுத்தால், அந்த இழுப்பைக் கட்டு முழுவதும் பங்கு போட்டுக் கொள்ளும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கடற்கரையில் ஏராளமான கட்டுமரங்களும் படகுகளும் அழிந்தன. அதன் பிறகு பைபர் படகுகள் பெருகின.

பைபர் என்பது என்ன? கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்கிறார்கள். அந்த இழையால் ஆன விரிப்பை அச்சின் மேல் அடுக்கி, ரெசின் என்ற பிசினைத் தடவுகிறார்கள். பிசின் இறுகியதும் படகு தயார்! இது உளுத்துப் போகாது, கறையான் அரிக்காது, எடையும் குறைவு.

ஆனால் இதிலும் ஒரு பலவீனம் உண்டு. படகின் உடம்பு சில மில்லிமீட்டர் கனமே உள்ள தோல்! நங்கூரக் கயிறு கட்டும் கொம்பு, பாய்மரக் கயிறு மாட்டும் கொக்கி, கரைக்கு இழுக்கும் வளையம் எல்லாவற்றையும் அந்தத் தோலில்தான் பொருத்த வேண்டும்.

கொக்கி ஏன் பிய்கிறது?

நங்கூரம் போட்டு நிற்கும் படகை அலை தூக்குகிறது. கயிறு வெடுக்கென்று இழுக்கிறது. ஒரு முறை அல்ல, இரவு முழுவதும்! அந்த இழுப்பு நாலு போல்ட்டுகள் வழியாகத் தோலில் இறங்குகிறது. போல்ட்டுக்கு அடியில் சின்ன வாஷர் மட்டும் இருந்தால், தோல் முதலில் மயிரிழையாக விரியும். பிறகு ஒரு நாள் கொக்கி போல்ட்டோடு பிய்த்துக் கொண்டு வரும். நங்கூரம் இழந்த படகின் கதி என்ன? காற்று தள்ளிய பக்கம் போக வேண்டியதுதான்.

சேற்றில் நடப்பவருக்கு இதன் ரகசியம் தெரியும். வெறுங்காலால் மிதித்தால் கால் புதைகிறது. பலகை போட்டு மிதித்தால் புதைவதில்லை. ஆள் அதே ஆள்தான். பாரம் மட்டும் பரவி விடுகிறது. தோலுக்கு உள்பக்கம், போல்ட்டின் நட்டுக்கும் தோலுக்கும் நடுவே வைக்கும் உலோகத் தகடு இந்தப் பலகையின் வேலையைத்தான் செய்கிறது.

கணக்கைப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் அகல வாஷர் நாலும் சேர்ந்து தோலைத் தாங்கும் பரப்பு சுமார் 10 சதுர சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள தகடு தாங்குவதோ சுமார் 98 சதுர சென்டிமீட்டர். ஒன்பது மடங்குக்கு மேல்! ஆனால் தகடு கனமாக இருக்க வேண்டும். தகர டப்பா போல் வளைந்தால் பயனில்லை.

எந்த உலோகம்?

சாதாரண இரும்பு உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துப் பருக்கும். பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து, நாளடைவில் அது பொத்துப் போகும். அலுமினியம் லேசானது, ஆனால் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டோடு உப்பு நீரில் நனைந்தால் அலுமினியம் அரித்துப் போகும். கடலுக்கு ஏற்றது துருப்பிடிக்காத எஃகு. அதிலும் 304 என்ற ரகத்தைவிட 316 என்ற ரகம் உப்பைத் தாங்கும்.

பொருத்தும் முறை

கொக்கி வரும் இடத்தில் தோல் மெல்லியதாக இருந்தால், முதலில் உள்பக்கம் கண்ணாடி இழை விரிப்பை இன்னும் சில அடுக்கு ஒட்ட வேண்டும். தகட்டின் மூலைகளை வட்டமாக அரத்தால் ராவ வேண்டும். கூரான மூலை தோலைக் கீறிவிடும்.

பைபரின் உள்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும். தகடு மேட்டில் மட்டும் உட்கார்ந்தால் பாரம் பரவாது. ஆகவே கெட்டியான ரெசின் பசையைப் பூசி, அதன் மேல் தகட்டை அழுத்திப் பதிக்க வேண்டும். பசை இறுகிய பிறகே போல்ட்டை முழுதாக முடுக்க வேண்டும்.

சில படகுகளில் இரண்டு தோலுக்கு நடுவே நுரைப் பலகையோ மரப்பலகையோ இருக்கும். அங்கே துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ரெசின் பசையால் அடைத்து, இறுகியதும் அதில் போல்ட் துளை போட வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பலகை நசுங்கும், தண்ணீரும் புகும். மேல்பக்கம் கொக்கிக்கு அடியிலும் நீர் புகாத பசை தடவ வேண்டும்.

துளை போடும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி, கண்ணாடி, கையுறை அவசியம். ரெசின் வேலையைக் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

புறப்படும் முன் பாருங்கள்

கொக்கியைச் சுற்றி மெல்லிய விரிசல் தெரிகிறதா? துருக்கறை வழிகிறதா? நட்டு ஆடுகிறதா? கையால் அசைத்தால் கொக்கி அசைகிறதா? ஒன்று இருந்தாலும் அதைச் சரி செய்த பிறகே கடலுக்குப் போக வேண்டும்.

பளபளக்கும் கொக்கியை எல்லோரும் பார்க்கிறார்கள். அதைப் பிடித்துக் கொண்டிருக்கும் தகட்டை யாரும் பார்ப்பதில்லை. படகு வாங்குகிறவர்கள் குனிந்து உள்பக்கம் பார்ப்பது நல்லது. தகடு இல்லையென்றால், "முதலில் தகடு போட்டுக் கொடுங்கள்!" என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.