பாத்தியிற் படித்த தமிழ்

நேரசூசியிலே ‘தோட்டவேலை’ எனக் குறித்த பாடவேளை பல பாடசாலைகளிற் குப்பை கூட்டுதற்கும் புல்லுப் பிடுங்குதற்குமே செலவாகின்றது. குறும்பு செய்த பிள்ளைக்கு அதனைத் தண்டனையாக விதிப்பாரும் உளர். மண்வெட்டியைத் தண்டனைக் கருவியாக்கிய பின்னர் அப்பிள்ளை மண்ணை நேசிப்பது எங்ஙனம்?

ஜேர்மனியக் கல்வியறிஞராகிய பிரோபல் 1837 இல் தாம் தொடங்கிய பாலர் நிலையத்துக்கு, 1840 இல் ‘சிறுவர் தோட்டம்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். அங்கே பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாத்திகள் இருந்தன. பெயரை உலகம் எடுத்துக்கொண்டது; பாத்தியைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

இலக்கணம் படிப்பிப்பவனுக்குத் தோட்டத்தில் என்ன அலுவல் என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் கல்லூரியின் கீழ்வகுப்புப் பிள்ளைகளுடன் தை மாதத்திலே பனம்பாத்தி கிண்டினேன். முன்னர் அவர்கள் இட்ட பயறு, பருப்பைத் தலையிற் சுமந்துகொண்டு மேலே வந்தது. பனையின் முளையோ கீழே இறங்கிக் கிழங்காகியிருந்தது. “ஐயா, இது கீழையெல்லோ வளர்ந்திருக்கு!” என்றான் ஒருவன். பூரான், கிழங்கு, வடலி என்னும் சொற்கள் அன்று கரும்பலகையின்றியே அவர்கள் வாயில் வந்தன. தென்னைக்குப் ‘பிள்ளை’, மாவுக்குக் ‘கன்று’ என்றேன். ஓரறிவுயிரின் இளமைக்கு இப்பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகுத்திருப்பதை மேல்வகுப்பில் அவர்கள் படிக்கும்போது அது பழகிய முகமாயிருக்கும்.

அவ்வியலே புறத்தில் வைரமுடையதைப் புல் என்றும், அகத்தில் வைரமுடையதை மரம் என்றும் பிரிக்கின்றது. பனையும் புல்லே என்றபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அரிந்து கிடந்த பனந்துண்டின் நடுவை நகத்தாற் கீறிப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. அருகே கிடந்த வேப்பந்துண்டின் நடுவில் நகம் இறங்கவில்லை. இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களாகவே கொள்கின்றது.

ஒரு பாடசாலையிலே தோட்டப் போட்டிக்கு முதல்நாள், சந்தையில் வாங்கிய கத்தரிக் கன்றுகளைக் கூலியாள் நடக் கண்டேன். பிள்ளைகள் வரம்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பரிசும் கிடைத்தது! விளைச்சல் எனக்குப் பெரிதன்று. பிள்ளை தானே நட்டது பட்டுப்போனாலும், ஏன் பட்டது என்று அவன் கேட்கும் கேள்வி அப்பரிசிலும் மேலானது.

ஆரம்ப வகுப்புகளிலே ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடம் உண்டு. அப்பாடவேளையில் தமிழாசிரியரும் வெளியே வரலாம். நாலடிக்கு மூன்றடி நிலமும் ஒருபிடி முளைக்கீரை விதையும் போதும். ஒரு மாதத்துக்குள் கீரை பிடுங்கலாம். பாத்தியை அளப்பதிலே கணக்கும் வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் இப்போது பனங்கொட்டை பொறுக்கிக் குவித்திருக்கிறார்கள். மாரிமழைக்கு முன் பாத்தி போடவேண்டும்.